வன்னிக் காட்டையும் குளத்தையும் காக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடைபயணம், சைக்கிள் ஓட்டம், பறவை பார்த்தல், மரநடுகை என்று இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு வரும் குழுக்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஊர் இளைஞர் கழகம், கொழும்பிலிருந்து வருபவர்கள், புலம்பெயர்ந்த உறவுகளின் காசில் இயங்கும் அமைப்புகள் என எல்லாரும் இதில் உண்டு. வரத்தான் வேண்டும். குளத்தின் நீர் விளிம்பான அலைகரையில் கால் நனைத்துக் காட்டோரம் நடந்து பழகிய பிள்ளைதான் நாளை அதற்காகக் குரல் கொடுக்கும். ஆனாலும் நல்ல மனத்தோடு தொடங்கிய வேலைகள் ஊரோடு முறிந்துபோகின்றன. வன்னியை ஆளில்லாத காடு என்று எண்ணிக்கொண்டு வருவதுதான் அதற்கு முதற்காரணம்.

2009இல் போர் முடிந்த பிறகு சனங்கள் மீள்குடியேறத் திரும்பியபோது பலரின் வயலும் மேட்டுக்காணியும் பற்றை மண்டிக் கிடந்தன. அவர்கள் இல்லாத காலத்தில் முளைத்ததையும் காடென்று கணக்கெடுத்து எல்லைக்கல் போட்ட இடங்கள் உண்டு. இடம்பெயர்வில் காணி உறுதியையும் தொலைத்த குடும்பத்துக்கு அந்தக் கல் பெரிய அடி. அதனால் ‘பாதுகாப்பு’ என்றதும் சிலரின் முகம் மாறும். இயற்கையில் அக்கறை இல்லாதவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிடாதீர்கள். வரைபடத்தில் பாதை கீறும் முன் கிராம அலுவலரோடும் ஊர்ப் பெரியவர்களோடும் அந்த நிலத்தில் நடந்து பாருங்கள். பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி நிற்பது பழங்காடு. பற்றைக்குள் கட்டுக்கிணறும் மாமரமும் தெரிந்தால் அது யாரோ ஒருவரின் வளவு. சுடலை எது, ஐயனார் இருக்கும் இடம் எது என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிணக்கிலுள்ள காணிக்கூடாக நடைபாதை போடவே வேண்டாம்.

அடுத்தது, திட்டத்தை முழுதாக எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்துக்காக மட்டும் ஊரைக் கூட்டுவது. அதையும் அறுவடை நடக்கும் நாட்களில், காலை பத்து மணிக்கு வைப்பார்கள். கமக்காரர் அமைப்பையும் மாதர் சங்கத்தையும் அழைத்தால் ஊர் முழுவதையும் அழைத்ததாகக் கணக்கு. நன்னீர் மீன்பிடிச் சங்கம் சில வேளை ஞாபகத்துக்கு வரும். மாட்டுப்பட்டி வைத்திருக்கும் பட்டிக்காரரை யாரும் நினைப்பதில்லை. மாரிமழையில் செய்யும் காலபோக நெல் விதைத்ததும் மாடுகள் வயல்வெளியை விட்டு வெளியேற வேண்டும். அறுவடை முடியும்வரை அவற்றுக்குக் காட்டோரமும் மேய்ச்சல் தரவையும்தான் போக்கிடம். நீங்கள் நடைபாதைக்கென்று அடைக்கும் வேலி அந்த வழியை மறித்தால் பட்டிக்காரருக்கும் கமக்காரருக்கும் சண்டை மூளும். எனக்குத் தெரிந்தவரை, காட்டின் ஒவ்வொரு மடுவும் ஒற்றையடிப்பாதையும் அத்துப்படியானவர்கள் பட்டிக்காரரும் தேன் எடுப்பவர்களும்தான். முதல் கூட்டமே அவர்களோடு நடக்கட்டும்.

வெளியில் தங்குவதும் நடப்பதும் இங்கே புதிதல்ல. மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய் மரங்களுக்குக் கீழ் தங்குகிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவு வழியாக நடக்கிறார்கள். எங்கே தண்ணீர், எங்கே நிழல் என்று அவர்களுக்குத் தெரியும். புதுப் பாதை வெட்டுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்.

மரநடுகையில் நடக்கும் பிழைகள் மனதை வருத்துபவை. உலக சுற்றாடல் தினம் யூன் 5 என்பதால் அன்றே நடுகிறார்கள். அப்போது சோளகக் காற்று வீசி நிலம் வெடித்துக் கிடக்கும், அடுத்த நல்ல மழை ஐப்பசியில்தான். கன்றில் பாதி அதற்குள் பட்டுவிடும். கார்த்திகையை மரநடுகை மாதமாக வடமாகாண சபை அறிவித்தது இந்த மண்ணின் மழையை அறிந்துதான்.

குளத்தின் அணைக்கட்டில் நடுவது அதைவிட மோசம். மரம் பட்டு வேர் உக்கினால் அந்தத் துளை வழியே நீர் கசிந்து மண் அணையை அரிக்கும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் ஊருக்குள் வந்ததைக் கண்டவர்களுக்கு, அணை என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மழைநீர் குளத்துக்கு வந்து சேரும் மேற்பக்கத்தில், அலைகரைக்கு அப்பால் நடுங்கள். வண்டல் குளத்துக்குள் இறங்குவதை அந்த மரங்கள் தடுக்கும். வாய்க்காலோரம் மருதும் நாவலும் நன்றாக வரும்.

குளத்தைத் தனியாகப் பார்ப்பதும் தவறு. வவுனியாப் பக்கத்துக் காடுகளில் தொடங்கும் கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பிச் சுண்டிக்குளம் கடலேரியில் விழுகிறது. மேலே எறியும் பிளாஸ்ரிக் போத்தல் கீழே பூநாரை மேயும் சேற்றில் போய்ச் சேரும். அந்தப் பறவைகளைப் படம்பிடிக்க ட்ரோன் விடுவதையும் கூட்டத்தை எழுப்பிவிடுவதையும் உடனே நிறுத்த வேண்டும். நெடுந்தூரம் பறக்கச் சேர்த்துவைக்கும் பலத்தை அவை வீணாகச் செலவழிக்கின்றன. 1938 முதல் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. உள்ளே போக வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மன்னாரின் வங்காலை 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட ஈரநிலம்.

பாலைப்பழக் காலத்தில் கொப்பை வெட்டி விழுத்திப் பழம் ஆயாதீர்கள். அடுத்த ஆண்டுப் பழமும் கரடியின் சாப்பாடும் அந்தக் கொப்பில்தான் இருக்கின்றன. யானை நடமாடும் வழிகளில் பொழுதுபட்ட பிறகு சைக்கிள் ஓட்டம் வேண்டாம்.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகையை நின்று படம் எடுக்கும் இடமாக்காதீர்கள். முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பல ஆண்டுகளாகியும் நடந்தது. ஊரவர் தினமும் நடக்கும் தடத்தை விட்டு விலக வேண்டாம்.

முல்லைத்தீவின் நந்திக்கடல் கடலேரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017இல் அது இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. இறாலும் மீனும் பிடித்துப் பல குடும்பங்கள் அதில் வாழ்கின்றன. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலில் சனம் திரள்வது அதன் கரையில்தான். 2009இல் எண்ணற்றோர் உயிரிழந்ததும் அந்தக் கரைகளில்தான். ஒவ்வொரு மே 18உம் முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றுகிறார்கள். உல்லாசப் படகுத் திட்டத்தோடு அங்கே போகிறவர்கள், இழப்பைச் சுமக்கும் குடும்பங்களிடம் முதலில் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

கடைசியாகக் காசு. வாகனமும் வழிகாட்டியும் சாப்பாடும் வெளியிலிருந்து வந்தால் ஊருக்குக் குப்பை அள்ளும் வேலைதான் மிஞ்சும். வழிகாட்டிக்கு எவ்வளவு, சமைக்கும் பெண்களுக்கு எவ்வளவு, குளத்தின் துருசும் (மதகும்) வாய்க்காலும் திருத்தக் கமக்காரர் அமைப்புக்கு எவ்வளவு என்று முதல் நடைக்கு முன்பே எழுதி ஒப்பமிடுங்கள். பருவம் முடிந்ததும் வரவு செலவை அந்த அமைப்பின் பொதுக்கூட்டத்தில் வாசித்து, பின்வரிசையில் இருப்பவரும் கேள்வி கேட்க நேரம் விடுங்கள்.