பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரை: காலடிப் பாறையைப் படிக்கும் முறை

முதலில் ஒரு விஷயம். இங்கே பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் கிழக்கே போகப் போக வயது குறைந்த பாறைதான் காலில் தட்டும். திசை மாறினால் கதை தலைகீழாகிவிடும்.

கையில் என்ன வேண்டும்: கைலென்ஸ், நோட்டு, பழைய கத்தி, சின்ன பாட்டிலில் வினிகர். சுத்தியல் வேண்டாம்.

1. பச்சைமலை அடிவாரம். கருநீலம் கலந்த சாம்பல் நிறச் சார்னோகைட் பாறையும், வரிவரியான நைஸ் (gneiss) பாறையும் தெரியும். இரண்டும் பூமிக்கடியில் ஆழத்தில் வெப்பத்தில் உருவான கடினப் பாறைகள். இரண்டும் 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. வினிகர் சுண்ணாம்பு இருந்தால்தான் நுரைக்கும், இங்கே விட்டால் சும்மா வழிந்து ஓடும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

2. காரை. இங்கே அவசரப்படாதீர்கள். புல் முளைக்காத செம்பழுப்புக் களிமண் மேடுகள், மழை அறுத்த ஓடைகள். இந்தப் பாறை அடுக்குகளின் கூட்டத்துக்கு உத்தத்தூர் தொகுதி என்று பெயர், ஒரு காலத்தில் கடலடிச் சேறு. தரையில் கண்ணாடிச் சில்லு போல ஏதோ மின்னும். முதல் தடவை நான் யாரோ உடைத்த பாட்டில் என்றே நினைத்தேன். நகத்தால் கீறிப் பாருங்கள்: கோடு விழுந்தால் ஜிப்சம். கால்சைட் (சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கனிமம்) என்றால் நகம்தான் தேயும், கத்திதான் கீறும். பக்கத்திலேயே துப்பாக்கித் தோட்டா போன்ற கல் கிடக்கலாம். அது பெலம்னைட், கணவாய் மீனின் தூரத்து உறவான ஓர் உயிரின் உள்கூடு. சுருள் வடிவில் கிடைத்தால் அம்மோனைட், அழிந்துபோன ஒரு கடலுயிரின் ஓடு. சாளக்கிராமத்தில் இருப்பதும் இந்த வகைதான். படம் எடுங்கள், கல்லை அங்கேயே விடுங்கள். மழைக்காலத்தில் மட்டும் போகாதீர்கள், செருப்போடு ஒரு கிலோ களிமண் சேர்ந்து வரும்.

3. சாத்தனூர். இங்குள்ள அடுக்குகள் திருச்சினாப்பள்ளி தொகுதி. 18 மீட்டர் நீளக் கல்மரம் வேலிக்குள் படுத்திருக்கிறது. கடலோரத்து மரம் அடித்து வரப்பட்டுச் சேற்றில் புதைந்து கல்லானது.

4. அரியலூர், கல்லங்குறிச்சி. சிப்பி மேல் சிப்பியாக அடுக்கிய சுண்ணாம்புக்கல். சிமெண்ட் ஆலைகள் இந்த ஊரில் இருப்பதற்குக் காரணமே இதுதான். கத்தியால் சுரண்டி, அந்தத் தூளின் மேல் வினிகர் விடுங்கள், நுரை பொங்கும். முழுக்கல்லில் விட்டுவிட்டு ‘ஒன்றும் வரவில்லையே’ என்று ஏமாறுபவர்கள் அதிகம். சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள், சாலையோரக் கல்லே போதும்.

5. ஜெயங்கொண்டம். செம்மண்ணும் கடலூர் மணற்கல்லும் வந்துவிட்டால் டைனோசர் காலத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒவ்வோர் இடத்திலும் ஒரே வரிசையில் குறியுங்கள்: இடம், நிறம், நகம், வினிகர், சிப்பி. வீட்டுக்கு வந்து ஐந்தையும் மேற்கிலிருந்து கிழக்காகக் கட்டம் போட்டு வண்ணம் தீட்டினால், உங்கள் முதல் நிலவியல் வரைபடம் தயார்.