துவாமோத்து பவளத்தீவுகளுக்குள் பாய்மரப்படகைக் கொண்டுசென்று நங்கூரமிடும் முறை

தென் பசிபிக்கில், மார்க்கேசஸ் தீவுகளிலிருந்து தஹிதிக்குச் செல்லும் வழியில், ஏறத்தாழ 500 கடல் மைல் கடந்தபின் துவாமோத்து தீவுக்கூட்டம் வருகிறது. அமிழ்ந்துபோன எரிமலைகளின் விளிம்பில் வளர்ந்த பவளப்பாறை வளையங்களே இத்தீவுகள். நிலம் சில மீட்டர் உயரமே என்பதால், தென்னைகளின் தலை கண்ணில் படும்போது படகு வெகுவாக நெருங்கிவிட்டிருக்கும். வளையத்தில் உள்ள ஓரிரு நுழைவாய்களின் வழியாகத்தான் நடுவிலுள்ள காயலுக்குள் போக முடியும். சில தீவுகளில் அதுவும் இல்லை. பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில் 1768இல் இப்பகுதியை 'ஆபத்தான தீவுக்கூட்டம்' என்று குறித்தார். ஜிபிஎஸ் வந்தபின் ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனால் எப்போது நுழைவது என்ற கணக்கு இன்னும் மாலுமியிடமே இருக்கிறது.

முதலில் பருவத்தையும் தீவையும் தேர்ந்தெடுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். மே முதல் அக்டோபர் வரை செல்வதே முறை. புகழ்பெற்ற ரங்கிரோவாவில் தொடங்குவதைவிட, தென்மேற்குப் பக்கம் நுழைவாய் உள்ள கவேஹியில் தொடங்குவது புதியவருக்கு நல்லது என்பது என் கருத்து. அங்கே கிழக்குக் காற்றைத் தீவே மறைத்துவிடுவதால், வெளியே அமைதியான நீரில் காத்திருக்கலாம்.

அடுத்து நீரோட்டத்தைக் கணியுங்கள். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். ஓத அட்டவணை நீர்மட்டத்தின் உயர்வு தாழ்வைச் சொல்லுமே தவிர, நுழைவாயில் ஓட்டம் அடங்கும் நேரத்தைச் சொல்வதில்லை. தெற்கிலிருந்து வரும் பேரலைகள் பாறை விளிம்பைத் தாண்டிக் காயலுக்குள் நீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நீர் முழுவதும் நுழைவாய் வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதால், அலை பெரிதாக உள்ள நாட்களில் வெளியோட்டம் நீண்டும் உள்ளோட்டம் குறுகியும் போகும், சில வேளைகளில் உள்ளோட்டமே இராது. உங்கள் இயந்திரம் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகம் தந்து, எதிரோட்டம் 5 நாட் இருந்தால், படகு நகர்வது 1 நாட் மட்டுமே. வெளியோட்டம் எதிர்க்காற்றைச் சந்திக்கும் இடத்தில் செங்குத்தான அலைகள் எழும். ஆகவே அட்டவணை நேரத்துக்கு முன்பே வந்து, வெளியே நின்று, நுழைவாயில் வெண்ணுரை இருக்கிறதா என்று தொலைநோக்கியால் பாருங்கள். இருந்தால் காத்திருங்கள்.

சூரியனும் ஒத்துவர வேண்டும். காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில், வெயில் தலைக்கு மேலோ முதுகுக்குப் பின்னோ இருக்கும்போது மட்டுமே நீரின் நிறம் பேசும். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பும் மஞ்சளும் கிட்டத்தில் உள்ள பவளம். போலராய்டு கண்ணாடி அணிந்த ஒருவரை அணியத்தில் (படகின் முன்முனையில்) நிறுத்தி, கைச்சைகைகளை முன்கூட்டியே பேசிவையுங்கள். பாய்களை இறக்கி, இயந்திரத்தில் செல்லுங்கள். செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் முன்பே இறக்கி வைத்திருந்தால் பாறைகளின் இடம் ஓரளவு தெரியும். ஆயினும் கண்ணுக்கே முதலிடம். முத்துப் பண்ணைகளின் மிதவைகளையும், அவற்றுக்கிடையே நீருக்கடியில் ஓடும் கயிறுகளையும் விலகிச் செல்லுங்கள்.

நங்கூரமிடும்போது மணல் திட்டைத் தேடுங்கள். முழுவதும் மணலாக உள்ள இடம் அரிது. காற்று திரும்பும்போது சங்கிலி பவளத்தில் சுற்றிக்கொள்ளும், பவளமும் உடையும். சங்கிலியைப் பவளத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்க அதில் மிதவைகள் கட்டுவதே வழி. 8 மீட்டர் ஆழத்தில் 40 மீட்டர் சங்கிலி விடுவதாகக் கொள்வோம். நங்கூரத்தை மணலில் இறக்கி, பின்னியக்கத்தில் இழுத்து அது பதிந்ததை உறுதி செய்யுங்கள். முதல் 15 மீட்டர் அளவு தரையிலேயே கிடக்கட்டும், அப்போதுதான் இழுவை படுக்கையாக இருக்கும். அதன்பின் 6, 7 மீட்டருக்கு ஒரு மிதவையைக் குறுங்கயிற்றால் சங்கிலியில் கோத்து, மேலும் விடுங்கள். 10 மில்லிமீட்டர் சங்கிலி ஒரு மீட்டர் இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மிதவை ஏறத்தாழ 14 கிலோவைத் தூக்கும். பின்னர் நீரில் இறங்கி, நங்கூரத்தை நேரில் பாருங்கள்.

கடைசியாக, நுழைந்த பாதையை ஜிபிஎஸ் கருவியில் பதிந்து வையுங்கள். 'மாராமு' எனப்படும் தென்கிழக்குக் கடுங்காற்று கிளம்பினால் பெரிய காயலுக்குள்ளேயே அலை எழுந்து, பாதுகாப்பாக இருந்த கரை ஆபத்தாகிவிடும். முன்னறிவிப்பில் அது தெரிந்தவுடன், வெளிச்சம் உள்ளபோதே காற்றுமறைவான தென்கிழக்கு மூலைக்கு நகர்ந்துவிடுங்கள்.