சாயமும் ஃபாஸ்ட், ரயிலும் ஃபாஸ்ட்: இந்தச் சொல்லை எப்படிப் பிடிப்பது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் அடிப்பதே பாதி வேலை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், அனுப்புவதற்கு முன்னால் ஒரு பதிலை என்னிடம் காட்டினார். பையர் எழுதியிருந்தது ஒரே வரி: ‘தி ரெட் இஸ் நாட் ஃபாஸ்ட்.’ தம்பி எழுதி வைத்திருந்த பதில்: டையிங்கில் (சாயப்பட்டறையில்) பேசி வேலையை முடுக்கிவிட்டோம், வெள்ளிக்கிழமைக்குள் துணி வந்துவிடும். அவர் மேல் தப்பே இல்லை. நமக்கு ஃபாஸ்ட் என்றால் வேகம் என்று ஒரே ஒரு பொருளைத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். பையர் சொன்னது வேறு. சிவப்புச் சாயம் நிற்கவில்லை, போகிறது என்கிறார்.

அவரை லேபுக்குக் கூட்டிப்போய் அந்தத் துணியை க்ராக்மீட்டரில் வைத்துக் காட்டினேன். விரல் நுனி மாதிரி இருக்கும் முனையில் வெள்ளைத் துணித் துண்டை நனைத்து மாட்டி, சிவப்பின் மேல் முன்னும் பின்னுமாக 10 தடவை ஓட்ட வேண்டும். கழற்றிப் பார்த்தால் வெள்ளைத் துண்டில் ரோஸ் நிறத்தில் ஒரு வட்டம். அந்த வட்டம் எவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்கிறது என்று க்ரே ஸ்கேல் அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மார்க் போடுவார்கள். 5 என்றால் சாயம் துளிகூட ஒட்டவில்லை, 1 என்றால் படுமோசம். எங்கள் சிவப்பு 2 வாங்கியது. இந்தச் சோதனைக்குப் பெயர் கலர் ஃபாஸ்ட்னஸ். டையிங்கில் இருக்கிறவர்கள் ‘ஃபாஸ்ட்னஸ் வரலைங்க’ என்று தினம் சொல்லும் அதே ஃபாஸ்ட்னஸ்தான். அதில் வேகம் என்ற பேச்சே கிடையாது. சாயம் நூலைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறதா, அதுதான் கேள்வி.

இந்தக் ‘கெட்டி’தான் ஃபாஸ்ட் என்ற சொல்லின் பழைய பொருள். பழைய ஆங்கிலத்தில் அது உறுதியானது, அசையாதது என்ற பொருளில்தான் இருந்தது. அதன் உறவுக்காரச் சொல்லான ஃபெஸ்ட், ஜெர்மன் மொழியில் இன்றும் கெட்டியானது என்றே பொருள் தருகிறது. அப்புறம் எப்படி வேகம் வந்தது? உறுதியாக, விடாமல், முழு பலத்தோடு ஒரு வேலையைச் செய்வதற்கும் அதே சொல்லைப் போட்டார்கள். முழு பலத்தோடு அடி, முழு பலத்தோடு ஓடு. முழு பலத்தோடு ஓடுகிறவன் வேகமாகத்தான் ஓடுவான், இல்லையா? அப்படியே ஓட்டத்தின் வழியாக வேகம் உள்ளே நுழைந்து, நாளடைவில் முதல் பொருளாகவே உட்கார்ந்துவிட்டது.

ஆங்கிலக்காரர்கள் குழப்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், நம்மிடமும் இதே கதை உண்டு. கடுமை என்கிறோம், அதே கடுவிலிருந்து ‘கடுகிப் போ’ என்றால் விரைந்து போ. தொல்காப்பியம் உரியியலில் ‘கடி’ என்ற ஒரே சொல்லுக்குப் பத்துப் பொருள் அடுக்குகிறது, அதில் காப்பும் இருக்கிறது, விரைவும் இருக்கிறது. கட்டிக் காப்பதும் விரைந்து போவதும் ஒரே சொல்லுக்குள் இருப்பது நமக்குப் பழக்கப்பட்டதுதான். எனக்கு இது தெரிந்த அன்றைக்கே ஃபாஸ்ட் மேல் இருந்த பயம் போய்விட்டது.

சரி, முதலில் வேகம். நாம் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான்.

ஃபாஸ்ட் என்பது பெயருக்கு முன்னாலும் அப்படியே வரும், வினைக்குப் பின்னாலும் அப்படியே வரும். ‘எ ஃபாஸ்ட் கார்’, ‘ஹீ ட்ரைவ்ஸ் ஃபாஸ்ட்.’ குவிக் குவிக்லி ஆகிறது, ஸ்லோ ஸ்லோலி ஆகிறது, அதே வழக்கத்தில் ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதிவிடுகிறோம். இன்றைய ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல்லை எழுதுவதில்லை. மெயிலில் ஃபாஸ்ட்லி பார்த்தால் உடனே ‘லி’யை வெட்டுங்கள். இன்னொன்று, வினையோடு சேரும்போது ஃபாஸ்ட் பின்னால்தான் நிற்கும். ‘ஹீ ஃபாஸ்ட் ட்ரைவ்ஸ்’ என்று முன்னால் வராது. நாம் தமிழில் ‘வேகமாக ஓட்டுகிறான்’ என்று முன்னால் வைத்துப் பழகியதால் கை தானாக அங்கே போகும், கவனியுங்கள்.

அடுத்தது ‘சீக்கிரம்’. தமிழில் இந்த ஒரு சொல் நான்கு ஆள் வேலையைச் செய்கிறது, அதனால் ஆங்கிலத்தில் நாம் எல்லா இடத்திலும் ஃபாஸ்ட் போட்டுவிடுகிறோம். ‘சீக்கிரம் வந்துடுங்க’ என்று சொல்ல நினைத்து ‘கம் ஃபாஸ்ட்’ என்று எழுதினால், வருகிறவர் வேகமாக ஓடிவர வேண்டும் என்பது போல இருக்கும். நாளைக்கு வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே வர வேண்டும் என்றால் ‘கம் எர்லி’. இன்னும் கொஞ்ச நாளில், கொஞ்ச நேரத்தில் என்றால் ‘சூன்’. அதனால்தான் உடம்பு சரியில்லாதவருக்கு ‘கெட் வெல் சூன்’ என்கிறார்கள், யாரும் ‘கெட் வெல் ஃபாஸ்ட்’ என்பதில்லை. வாசலில் ஆட்டோ நிற்கிறது, உள்ளே இன்னும் தலை வாரிக்கொண்டிருக்கிறார்கள், அப்போது கத்தும் ‘சீக்கிரம்!’ என்பது ‘ஹரி அப்’. எஞ்சியிருப்பது, ஒரு செயல் நடக்கும் வேகம். ‘இவ்வளவு சீக்கிரம் சாப்பிடாதே, புரையேறும்’ என்றால் ‘டோன்ட் ஈட் ஸோ ஃபாஸ்ட்.’ அந்த நாலாவது இடம் மட்டும்தான் ஃபாஸ்டுக்குச் சொந்தம். மெயிலில் ‘ப்ளீஸ் ரிப்ளை ஃபாஸ்ட்’ என்று எழுதுகிறவர்கள் நிறைய, அது கட்டளை போடுவது போலக் காதில் விழும். ‘அஸ் சூன் அஸ் யூ கேன்’ என்று எழுதினால் அவசரமும் தெரியும், மரியாதையும் இருக்கும்.

குவிக்குக்கும் ஃபாஸ்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தம்பி கேட்டார். நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஃபாஸ்ட் ஓட்டத்தை அளக்கும், குவிக் எடுத்துக்கொண்ட நேரத்தை அளக்கும். கார் ஃபாஸ்ட், ஆனால் ஒரு சின்னக் கேள்வி ‘எ குவிக் கொஸ்சன்’. அவசரக் குளியல் ‘எ குவிக் ஷவர்’. ‘எ ஃபாஸ்ட் கொஸ்சன்’ என்று கிடையாது, ஏனென்றால் கேள்வி எங்கேயும் ஓடவில்லை, கொஞ்ச நேரம்தான் எடுக்கப்போகிறது. இரண்டும் பொருந்தும் இடங்களும் உண்டு, அங்கே எதைப் போட்டாலும் குற்றமில்லை. ரேபிட் என்பது வளர்ச்சி, மாற்றம் மாதிரியான விஷயங்களுக்கும் எழுத்து நடைக்கும் ஏற்றது, பேச்சில் அவ்வளவாக வராது.

கடிகாரத்துக்கு நாம் தமிழிலேயே ‘அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்’ என்கிறோம், ஆங்கிலத்திலும் அதேதான்: ‘மை வாட்ச் இஸ் ஃபைவ் மினிட்ஸ் ஃபாஸ்ட்.’ சரியான நேரத்துக்கு முன்னால் காட்டுகிறது என்று பொருள். ரயிலில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் பக்கம் போகும் ஃபாஸ்ட் லோக்கலில் ஏறிவிட்டு, இடையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் வண்டி நிற்காமல் போய்விடும். ஃபாஸ்ட் என்று அங்கே போடுவது சில ஸ்டேஷன்களைத் தாண்டிப் போவதால். மும்பையிலும் ஸ்லோ, ஃபாஸ்ட் என்று லோக்கலைப் பிரிப்பது இப்படித்தான், போர்டைப் பார்த்து ஏறுங்கள். கல்பாக்கத்தில் உள்ள ஃபாஸ்ட் ப்ரீடர் அணு உலையிலும் இதே மாதிரி ஒரு குழப்பம் நேரும். எரிபொருளை வேகமாகப் பெருக்கும் உலை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே ஃபாஸ்ட் என்பது நியூட்ரானுக்கு உரிய அடைமொழி. சாதாரண உலையில் தண்ணீரோ கனநீரோ நியூட்ரானின் வேகத்தைத் தணிக்கும், இதில் தணிக்காமல் அதே வேகத்தில் பயன்படுத்துகிறார்கள்.

இனி கெட்டிப் பொருளுக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம். ஒரு வாக்கியத்தில் ஃபாஸ்ட் வந்து, வேகம் என்று வைத்துப் பார்த்தால் அர்த்தம் இடறுகிறது என்றால், அந்த இடத்தில் ‘கெட்டியாக’ அல்லது ‘வசமாக’ என்று போட்டுப் பாருங்கள். ‘தி பேபி இஸ் ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்றால் குழந்தையைத் தூக்கம் கெட்டியாகப் பிடித்திருக்கிறது, அதாவது அயர்ந்து தூங்குகிறது. ‘தி லாரி வாஸ் ஸ்டக் ஃபாஸ்ட் இன் தி மட்’ என்றால் லாரி சேற்றில் வசமாக மாட்டிக்கொண்டது. ‘ஹோல்ட் ஃபாஸ்ட்’ என்றால் விடாமல் பிடி. ‘ஸ்டாண்ட் ஃபாஸ்ட்’ என்றால் நின்ற இடத்தை விட்டு நகராதே, வேகத்துக்கு நேர் எதிர்! ‘ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்பது பிரிக்க முடியாத நண்பர்கள். ‘ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல்’ என்றால் கறாரான விதி, பெரும்பாலும் இல்லை என்று சொல்லும்போதுதான் வரும், ‘தேர் இஸ் நோ ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல்’ என்று. ஸ்டெட்ஃபாஸ்ட் என்ற சொல்லின் வாலிலும் இதே ஃபாஸ்ட்தான் இருக்கிறது, அங்கே மட்டும் ‘லி’ தாராளமாக ஒட்டும்: ஸ்டெட்ஃபாஸ்ட்லி.

பஸ்ஸிலும் விமானத்திலும் சொல்வார்களே, ‘ஃபாஸன் யுவர் சீட் பெல்ட்’, அதுவும் இந்தக் குடும்பம்தான். கெட்டியாக மாட்டு. எழுத்தில் ‘ட்’ இருந்தாலும் வாயில் வரக்கூடாது, ஃபாஸன் என்றே சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஜிப், பட்டன், ஹூக் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஃபாஸனர், அதையும் பலர் ஃபாஸ்டனர் என்று அழுத்திச் சொல்கிறார்கள்.

சாயம் பிடிப்பது துணியோடு நின்றுவிடவில்லை. காசநோய்க்குச் சளிப் பரிசோதனை எடுத்தவர்கள் ரிப்போர்ட்டில் ஏஎஃப்பி என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பார்கள். ஆசிட் ஃபாஸ்ட் பாசிலை என்பதன் சுருக்கம் அது. கண்ணாடித் துண்டில் சளியைத் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றி, அப்புறம் அமிலத்தால் கழுவுவார்கள். மற்றக் கிருமிகளின் சாயம் கழுவலோடு போய்விடும். காசநோய்க் கிருமியின் சுவர் மெழுகு மாதிரி இருப்பதால் அது சாயத்தை விடாது, சிவப்பாகவே நிற்கும், மைக்ராஸ்கோப்பில் மாட்டிக்கொள்ளும். அமிலம் ஊற்றினாலும் சாயம் போகாத கிருமி, அதனால் ஆசிட் ஃபாஸ்ட். ஏஎஃப்பி பாசிட்டிவ் என்று பார்த்து, கிருமி வேகமாகப் பரவுகிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு ஒரு குடும்பமே கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பரவும் வேகத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. மருந்தைத் தவறாமல் முழுசாகச் சாப்பிட்டால் குணமாகும் நோய் அது.

மூன்றாவது பொருள் நோன்பு. ‘ஐ ஆம் ஃபாஸ்டிங் டுடே’ என்றால் இன்று விரதம். கடந்த காலம் ஃபாஸ்டட். ரமலானில் நோன்பு திறப்பதை ‘ப்ரேக் தி ஃபாஸ்ட்’ என்பார்கள். இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததைக் காலையில் முறிப்பதால்தான் காலை உணவு பிரேக்ஃபாஸ்ட், ஆனால் உச்சரிப்பு ப்ரெக்ஃபஸ்ட். ஆஸ்பத்திரியில் ‘ஃபாஸ்டிங் சுகர்’ எடுக்கச் சொன்னால் குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். பத்திரிகைகளில் வரும் ‘ஃபாஸ்ட் அன்டு டெத்’ என்பது சாகும்வரை உண்ணாவிரதம். ஆந்திர மாநிலம் கேட்டு 1952இல் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு இருந்தது அந்த விரதம், டிசம்பர் 15 அன்று உயிர் போகும்வரை அவர் அதைக் கைவிடவில்லை.

கைவிடாமல் இருப்பது என்றேனே, இந்த ஃபாஸ்டும் அதே பழைய ஃபாஸ்ட்தான். ஒரு கட்டுப்பாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதிலிருந்து சாப்பிடாமல் இருப்பது என்ற பொருள் வந்தது. நம் நோன்பும் இப்படியே பிறந்தது: நோன்மை என்றால் வலிமை, பொறுத்தல். பசியைப் பொறுத்து உறுதியாக நிற்பது நோன்பு. வேறு வேறு மூலையில் இருந்த இரண்டு மொழிகள் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

அன்று மாலை தம்பி மெயிலை மறுபடி எழுதினார். துணியை டையிங்குக்குத் திருப்பி அனுப்பி, ஒட்டாத சாயத்தைக் கழுவும் சோப்பிங் முடித்து, சாயத்தை நிற்கவைக்கும் ஃபிக்ஸிங்கை மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறோம், ஈரத் துணியால் தேய்க்கும் அதே சோதனையில் 3-4 மார்க் வந்த பிறகே சாம்பிள் அனுப்புவோம் என்று நேராக எழுதினார். கடைசி வரியில் ‘வீ வில் செண்ட் இட் ஃபாஸ்ட்’ என்று இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவரே ஃபாஸ்டை அழித்து ‘சூன்’ என்று அடித்தார், அப்புறம் அதையும் அழித்துத் தேதியைப் போட்டார்.