கறுப்பு வெள்ளை ஃபிலிம் பிரிண்டில் சாயம் அடிக்காமல் இருக்க

வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் உட்காரவைத்து தாத்தாவைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். பிரிண்ட் வந்தபோது அவருடைய வெள்ளை வேட்டி பாசி படிந்த மாதிரி லேசான பச்சையில் இருந்தது, மனசே ஆறவில்லை. லேபில் போடுவது கலர் பேப்பர். அதில் கறுப்புச் சாயமே கிடையாது, சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சரியான அளவில் சேர்ந்தால்தான் சாம்பல் நிறம் வரும், ஒன்று கொஞ்சம் ஏறினாலும் படம் முழுக்கத் தெரியும். அதனால் ஸ்கேன் செய்யும்போதே பிளாக் அண்ட் ஒயிட்டில் வைக்கச் சொல்லுங்கள், கவரிலும் எழுதிக் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு 4-க்கு 6 போட்டு வாங்கி, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பச்சை தெரிந்தால் மெஜந்தாவைக் கொஞ்சம் கூட்டச் சொன்னால் சரியாகிவிடும்.

அப்புறம், கலர் ஃபிலிம் கழுவும் சி-41 கெமிக்கலில் கறுப்பு வெள்ளையில் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 மாதிரி, அதற்கென்றே செய்த ஃபிலிமை மட்டும்தான் கொடுக்கலாம். எச்பி5, ட்ரை-எக்ஸ் மாதிரி சாதாரண கறுப்பு வெள்ளை ஃபிலிம் எல்லாம் அதில் போனால் படமாக நிற்கும் வெள்ளி மொத்தமும் கரைந்து வெறும் ஃபிலிம்தான் திரும்பி வரும், ரோலை நீட்டும் முன்பே எதில் கழுவுவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.