மூன்று ஃபைல்களை எடுத்துக்கொண்டு வாருங்கள்

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் தோல் பை பட்டறைக்காரர் ஒருவர் புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "ஏம்மா, காசு குடுத்து மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் வாங்கணுமா, ஓசியில கிடைக்கிறதே போதுமா?"

"நீங்க வச்சிருக்கிறதுலயே சிக்கலான ஃபைல் மூணு எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். எதில் எத்தனை வசதி என்று பட்டியல் போட்டுப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அதில் முக்கால்வாசியை நாம் தொடவே மாட்டோம். சாதாரணக் கடிதம் எதில் வேண்டுமானாலும் திறக்கும். கட்டங்களும் லோகோவும் போட்ட கொட்டேஷன் ஒன்று, பழைய தமிழ் ஃபைல் ஒன்று, கணக்கு போடும் எக்செல் ஒன்று, இந்த மூன்று போதும். ஒரிஜினலைத் தொடாமல் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் ஏற்கெனவே இருந்தாலும் பக்கத்திலேயே இருந்துகொள்ளும், சண்டை வராது. பழைய ஞாபகத்தில் ஓப்பன் ஆஃபீஸை இறக்கிவிடாதீர்கள். 2010-இல் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் லிப்ரே. ஓப்பன் ஆஃபீஸ் வேர்டின் டாக்எக்ஸ் (docx) ஃபைலைத் திறக்கும், ஆனால் டாக்எக்ஸாகச் சேமிக்கத் தெரியாது.

இப்போது கொட்டேஷனைத் திறந்து பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். காலிப்ரி எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் லிப்ரே அதே அகலமுள்ள கார்லிட்டோவைப் போட்டுச் சமாளித்துவிடும். வேறு எழுத்துரு என்றால் வரிகள் நகரும். இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பையனின் ஒரு பக்க பயோடேட்டா என் கடையில் இரண்டு பக்கமாகி, கையெழுத்து போடும் இடம் மட்டும் தனியாக அடுத்த தாளில் உட்கார்ந்துவிட்டது. காலையில் இன்டர்வியூ, ராத்திரி ஒன்பதரைக்குக் கதவைத் தட்டினான். அன்றிலிருந்து வெளியே போகிற எதையும் பிடிஎஃப் ஆக்கித்தான் தருகிறேன். மறுபடி திருத்த வேண்டியதை மட்டும் டாக்எக்ஸில் கொடுப்பேன். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போனால், எப்போதும் டாக்எக்ஸாகவே சேமிக்கச் சொல்லி வைக்கலாம். இல்லாவிட்டால் லிப்ரேயின் சொந்த வகையான ஓடிடியாகப் (odt) போய், வாங்கியவர் திறக்கத் தெரியாமல் உங்களுக்கு ஃபோன் போடுவார்.

இரண்டாவது, தமிழ் ஃபைல். அண்ணாச்சி கொண்டுவந்தது ஊர்ச் சங்கத்தின் பழைய தீர்மானம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. திறந்தால் ஒரே ஆங்கிலக் குப்பை. "பார்த்தியா, ஓசியில வந்தது இப்படித்தான்" என்று சிரித்தார். அதே ஃபைலைக் காசு கொடுத்து வாங்கிய வேர்டில் திறந்து காட்டினேன், அதே குப்பை. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் ஃபைலுக்குள் கிடக்கிறது. அந்த எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகமூடி மாட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் எந்த ஆஃபீஸ் மென்பொருளாலும் அதைத் தமிழாகக் காட்ட முடியாது. ஒருமுறை யூனிகோடுக்கு, அதாவது ஃபோனிலும் இணையத்திலும் இப்போது புழங்கும் பொது எழுத்து முறைக்கு, மாற்றிவிட்டால் இரண்டிலும் ஒழுங்காகத் தெரியும். தமிழுக்காக மட்டும் காசு செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவது, எக்செல். தொகை 12,34,567 என்று வராமல் 1,234,567 என்று வந்தால் பதறாதீர்கள். லிப்ரேயில் மொழி அமைப்பில் லோக்கேலை, அதாவது எந்த நாட்டு வழக்கம் என்பதை, இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றுங்கள். எக்செலில் அது விண்டோஸின் ரீஜன் அமைப்பைப் பார்த்து நடக்கிறது. பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்ஸ்லுக்அப் (XLOOKUP) சூத்திரம் இருந்தால் லிப்ரே 24.8 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

மேக்ரோ, அதாவது ஃபைலுக்குள்ளேயே தானாக வேலை செய்யும் குட்டி நிரல், வந்தால்தான் கதை மாறுகிறது. வருமான வரித்துறையின் எக்செல் யூட்டிலிட்டி, ஆண்டு ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கான ஜிஎஸ்டிஆர்-9 ஆஃப்லைன் கருவி எல்லாம் மேக்ரோவோடு வருபவை, எக்செலுக்கென்றே எழுதப்பட்டவை. லிப்ரேயில் மல்லுக்கட்டி நேரத்தை வீணடிக்காதீர்கள். பிரவுசரில் இலவசமாகக் கிடைக்கும் எக்செலிலும், கூகுள் ஷீட்ஸிலும் அந்த மேக்ரோக்கள் ஓடா. உங்கள் ஆடிட்டரே எல்லாம் பார்த்துக்கொள்கிறார் என்றால் இந்தக் கவலையே இல்லை, அவரிடம் கேட்டுவிடுங்கள்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு வழி. ஆஃபீஸ் 2024 ஒரே தடவை காசு, ஒரே கணினி. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா. கட்டாமல் விட்டால் ஃபைலைத் திறக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், திருத்த முடியாது. வருஷா வருஷம் ஞாபகம் வைத்துக் கட்டுகிற ஆள் நீங்கள் இல்லையென்றால் முதலாவதே மேல். 'முந்நூறு ரூபாய்க்கு ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்' என்று ஒருவர் போட்டுக் கொடுத்ததை நம்பி என் கடைக் கணினி ஒன்று வைரஸோடு ஒரு வாரம் படுத்துக் கிடந்தது.

சீட்டுக் கணக்கு மாதிரி இரண்டு பேர் ஃபோனிலிருந்தே எழுதுகிற வேலைக்கு கூகுள் ஷீட்ஸ் போதும். ஜிமெயில், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபி இடம் இலவசம்.

அண்ணாச்சியின் மூன்றில் மேக்ரோ எதுவும் இல்லை. ரிட்டர்ன் வேலை ஆடிட்டர் கையில். லிப்ரே போட்டுக் கொடுத்தேன், லட்சத்துக்கான கமாவைச் சரிசெய்தேன், தீர்மானத்தை யூனிகோடாக்கினேன். மென்பொருளுக்குக் காசு இல்லை, தீர்மானத்தை மாற்றியதற்கு மட்டும் நூறு ரூபாய் வாங்கினேன். பேரம் பேசி எண்பதுதான் கொடுத்தார்.