சீழ் கட்டிய பிறகும் மாத்திரையா? கட்டிச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்) கையில் முதலில் கத்தி ஏறுவது பெரும்பாலும் ஒரு சீழ்க்கட்டிக்காகத்தான். சின்ன வேலைதானே என்று நம்பிக் கொடுக்கிறோம். பக்கத்தில் நின்று பார்த்தால், நாங்கள் அந்த வயதில் எதற்கெல்லாம் திட்டு வாங்கினோமோ அதையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கையுறை போடு, பிதுக்காதே, எருக்கம்பால் தடவிக்கொண்டு வந்தவரை முதலில் கழுவு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

சீழ் கட்டிய பிறகு மாத்திரையை மாற்றி மாற்றி எழுதுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண். பால் கட்டி, இடது மார்பு சிவந்து காய்ச்சல் வந்திருக்கிறது. அருகிலிருந்த கிளினிக்கில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக். குறையவில்லை என்றதும் இன்னொன்று. பிறகு ஊசி. காய்ச்சல் நின்றது, வலியும் பாதியாகக் குறைந்தது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். எங்களிடம் வரும்போது மார்பில் கல் போன்ற ஒரு கட்டி; மேலே தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போலக் குழிகுழியாக இருந்தது. மஞ்சள் பை நிறைய மருந்துச் சீட்டுகள். அவளுடைய அம்மா என்னைத் தனியாக அழைத்து, "டாக்டரம்மா, புற்றுநோய்தானே? மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

புற்றுநோய் இல்லை. ஸ்கேன் பார்த்து, தடித்த ஊசியைச் செலுத்தி இழுத்தபோது சிரிஞ்சுக்குள் வெண்ணெய்ப் பதத்தில் சீழ் மெல்ல ஏறியது. சந்தேகம் வேண்டாம் என்று சுவரிலிருந்து சிறு சதை எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினோம். அதிலும் அழற்சியைத் தவிர வேறெதுவும் இல்லை. இதற்கு ஆன்டிபயோமா என்று பெயர். சீழை வெளியேற்றாமல் மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டே போனால், கிருமி அடங்கிவிடும், சீழ் உள்ளேயே நிற்கும், அதைச் சுற்றி உடல் தடித்த நார்ச்சுவர் கட்டிவிடும். கையில் தொட்டால் புற்றுநோய் போலவே இருக்கும்.

மருந்து ஏன் தோற்கிறது? ஆன்டிபயாட்டிக் இரத்தத்தோடுதான் போய்ச் சேர வேண்டும். சீழ்க்குழிக்குள் இரத்தக் குழாயே கிடையாது. சுவர் வழியாகக் கசிந்து போகிற கொஞ்ச மருந்துக்கும் உள்ளே வேலையில்லை: அங்கே அமிலத்தன்மை அதிகம், செத்த வெள்ளை அணுக்களின் குப்பை அதிகம். பென்சிலின் வகை மருந்துகள் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் கொல்லும். சீழுக்குள் அடைபட்டவை பெரும்பாலும் பெருகாமல் கிடக்கின்றன. 1880இல் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஓக்ஸ்டன் கட்டிச் சீழை நுண்ணோக்கியில் பார்த்துக் கிருமிகளைக் கண்டறிந்தபோது, நோயாளிக்குப் பென்சிலின் கிடைக்க இன்னும் அறுபது ஆண்டுகள் இருந்தன. அப்போதும் கட்டிகள் ஆறின. கீறிவிட்டார்கள், ஆறின.

மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. வெறும் சிவப்பும் சூடும் வீக்கமுமாக இருக்கும் முதல் கட்டத்தில் மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். கீறிய பிறகும் அதற்குக் கொஞ்சம் பயன் உண்டு. அமெரிக்காவில் ஐந்து அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தபின் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களில் 80.5 சதவீதம் பேர் குணமடைந்தார்கள். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 73.6 சதவீதம். மருந்து கூட்டிக் கொடுத்தது ஏழு சதவீதப் புள்ளிகள். மீதியெல்லாம் கத்தியின் கணக்கு. சிவப்பு சுற்றிலும் பரவியிருந்தால், காய்ச்சல் இருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், முகத்தில் வந்திருந்தால் மருந்தைக் கட்டாயம் எழுதுங்கள். கீறலுக்குப் பதிலாக எழுதாதீர்கள்.

அந்தப் பெண்ணின் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. "மருந்து பாலில் இறங்கும், பால் கொடுக்காதே" என்று யாரோ சொல்ல, குழந்தையைப் புட்டிப்பாலுக்கு மாற்றிவிட்டார்கள். மார்பில் சீழ் கட்டினால் பாலை நிறுத்தக் கூடாது. தேங்கினால் நோய் கூடத்தான் செய்யும். வழக்கமாக எழுதும் குளாக்சசிலின், செஃபலெக்சின் போன்றவை பாலூட்டும் தாய்க்குப் பாதகமில்லாதவை. இன்று மார்புக் கட்டிக்கு உடனே கத்தியும் வேண்டியதில்லை. ஸ்கேன் துணையோடு ஊசியால் உறிஞ்சி, சில நாள் விட்டு மறுபடி பார்த்து, தேங்கியிருந்தால் மறுபடி உறிஞ்சினால் பெரும்பாலும் போதும். தோல் மெலிந்து கறுத்து உடையும் நிலைக்கு வந்துவிட்டால்தான் கீறல். முதல் மருந்து கேட்காதபோதே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் முடிந்திருக்கும். இரண்டாவது ஆன்டிபயாட்டிக்கை எழுதப் பேனாவைத் திறக்கும் முன் ஸ்கேனுக்கு எழுதுங்கள்.

ஊசித்துளை அளவில் ஒரு கீறல்

தழும்பு விழக் கூடாது என்ற இரக்கம் என்பார்கள். உண்மைக் காரணம், நோயாளி போடும் கூச்சலில் கை சுருங்கிவிடுகிறது. அவர் கத்துவதற்குக் காரணம் மரப்பு ஊசியைத் தவறான இடத்தில் போட்டதுதான். சீழ் பிடித்த திசுவின் அமிலத்தில் மரப்பு மருந்தான லிக்னோகெயின் சரியாக வேலை செய்யாது. குழிக்குள்ளேயே செலுத்தினால் அழுத்தம் ஏறி வலி இன்னும் கூடும். கட்டியைச் சுற்றி, நல்ல தோலில் வட்டமாகப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். யாரும் பொறுப்பதில்லை.

கீறலைத் தோல் மடிப்பின் போக்கிலேயே, குழி முழுதாக வடியும் நீளத்துக்குப் போடுங்கள். சிறிய வாய் மறுநாளே மூடிக்கொள்ளும், சீழ் திரும்பச் சேரும். அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் கத்தி தோலோடு நிற்கட்டும்; அதற்குக் கீழே மூடிய இடுக்கியை நுழைத்து விரித்துத்தான் போக வேண்டும். நரம்பும் இரத்தக் குழாயும் அங்கே தப்பிக்கும். உள்ளே தடுப்புத் தடுப்பாகப் பிரிந்திருந்தால் அவற்றையும் உடைத்து ஒன்றாக்குங்கள்.

பிறகு காஸ் துணி. புட்டிக்குத் தக்கை வைப்பதுபோல அமுக்கி அடைத்தால் சீழ் எங்கே வடியும்? ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிக்குத் துணி வைத்தே ஆக வேண்டும் என்பதுகூட இல்லை. வைத்தால் தளர்வாக ஒரு திரி.

ஆசனவாய் அருகே "பழுக்கட்டும்"

அங்கே கட்டி மேலே பழுத்து மெத்தென்று வராது. உட்கார முடியாத வலியும், தொட்டால் நோயாளி வலியில் துடிப்பதும் போதும், அன்றே கீறலாம். காத்திருந்தால் சீழ் இடுப்புக் கொழுப்புக்குள் ஆழமாகப் பரவும். சரியாகக் கீறியும் சிலருக்குப் பவுத்திரம் (ஆசனவாய்க்குள்ளிருந்து வெளித்தோலுக்கு விழும் ஆறாத துளை) வரத்தான் செய்கிறது. அதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

துடிக்கும் கட்டி

நாடிபோலத் துடித்தால் அது சீழ்க்கட்டியாக இல்லாமல் தமனி வீக்கமாக, அதாவது புடைத்துப்போன இரத்தக் குழாயாக இருக்கலாம். கத்தியைக் கீழே வையுங்கள்.

மூக்கும் மேலுதடும்

இங்கே வரும் கட்டியைத் தொடாதீர்கள், தொட விடாதீர்கள். அங்கிருந்து போகும் சிரைகள் மூளையின் அடித்தளத்தோடு தொடர்புடையவை; தொற்று அந்த வழியே ஏறிவிடலாம்.

சூடில்லாத கட்டி

கழுத்தில் மெதுவாகப் பெரிதாகி, சிவப்போ சூடோ வலியோ இல்லாமல் மெத்தென்று இருந்தால் காசநோயை நினையுங்கள். கீறினால் மாதக்கணக்கில் ஆறாமல் வடியும் புண்ணைக் கையில் கொடுத்தனுப்புவீர்கள். கட்டியின் உச்சியில் குத்தாமல், தள்ளி உள்ள நல்ல தோல் வழியாகச் சாய்வாக ஊசியைச் செலுத்தி எடுத்து, காசநோய்க் கிருமியைக் கண்டறியும் ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கு அனுப்புங்கள். உறுதியானால் சிகிச்சை காசநோய் மருந்துதான்.

சர்க்கரை பார்க்காமல் அனுப்புவது

பிடரியில் ராஜபிளவையோடு (பல கண்கள் வைத்த பெரிய சீழ்க்கட்டி) வருகிறவரிடம் "சர்க்கரை இருக்கிறதா?" என்று கேட்டு, "இல்லை" என்றதும் சீட்டில் அப்படியே எழுதிவிடுகிறார்கள். எப்போது பரிசோதித்தார் என்று கேட்டால் ஒருபோதும் இல்லை என்பார். பலருக்குத் தமக்குச் சர்க்கரை இருப்பதே இப்படி ஒரு கட்டி வந்துதான் தெரியவருகிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுக்க நிமிடம்கூட ஆகாது.

அவரைக் கட்டிலில் படுக்க வைத்திருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். சிவப்பு முடியும் எல்லைக்கு அப்பாலும் தொட முடியாத வலி, ஊதா நிறமாகும் தோல், நீர்க்கொப்புளம், அழுத்தினால் நறநறக்கும் சதை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வெறும் சீழ்க்கட்டி இல்லை, சதையை அழுக வைக்கும் தொற்று. மைனர் ஓ.டி.யில் (சிறு அறுவைச் சிகிச்சை அறை) கை வைக்காதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் பெரிய மருத்துவரை எழுப்புங்கள்.