நடத்துநர் இல்லாத பேருந்தில் ஏறுவது எப்படி

மதுரை நகரப் பேருந்துகளில் போய்வந்து வளர்ந்த எனக்கு, பயணம் என்பது நடத்துநரை நம்பி ஏறுவதுதான். கூட்டத்தில் கை எட்டாவிட்டாலும் "பெரியார் ஒண்ணு" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தால் நான்கு பேர் கைமாறிச் சீட்டு வந்து சேரும். சில்லறை இல்லையென்றால் மீதித் தொகையைச் சீட்டின் பின்புறம் எழுதித் தருவார். இடம் தெரியாத முதியவரிடம் "நான் சொல்றேன், உட்காருங்கய்யா" என்பார். சிங்கப்பூரிலும் லண்டனிலும் முதன்முறை பேருந்தில் ஏறியபோது நான் தேடியது அந்தக் குரலைத்தான். அங்கே அவருடைய வேலையையும் பயணியே செய்ய வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க அந்த ஊர்களுக்குச் செல்லும் பெற்றோர் அதைத் தயங்காமல் செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் உங்கள் எண்ணுள்ள பேருந்து வரும்போது கையை நீட்டிக் காட்டுங்கள். காட்டாவிட்டால் நிற்காமல் போய்விடக்கூடும். முன்வாசலில் ஏறி, அங்குள்ள கருவியில் பயண அட்டையை வைத்து எடுக்க வேண்டும். ஒருவருக்கு ஓர் அட்டை. கணவனும் மனைவியும் ஒன்றையே பயன்படுத்த முடியாது. இறங்கும்போதும் மறக்காமல் அட்டையைக் காட்ட வேண்டும் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அங்கே கட்டணம் தூரத்தைப் பொறுத்தது என்பதால், நீங்கள் இறங்கிய இடம் கருவிக்குத் தெரியாவிட்டால் தடத்தின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். முதல் வாரத்தில் நான் இரண்டு முறை மறந்தேன். பணம் போனதைவிட, நினைவூட்ட ஒருவரும் இல்லையே என்ற தனிமைதான் அன்று அதிகம் உறுத்தியது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. வீட்டருகே உள்ள நிறுத்தத்தின் எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே எனக்குத் துணிவு வந்தது. பேருந்துக்குள் எதையும் உண்ணவோ பருகவோ கூடாது.

லண்டனில் இதில் பாதி தலைகீழ். அங்கே பேருந்துக் கட்டணம் தூரத்தைப் பொறுத்ததன்று. ஆகவே ஏறும்போது மட்டும் அட்டையைக் காட்டினால் போதும், இறங்கும்போது தேவையில்லை. 2014 ஜூலை முதல் ஓட்டுநர்கள் ரொக்கம் வாங்குவதில்லை என்பதால், கையில் எவ்வளவு நோட்டு இருந்தாலும் பயன்படாது. முதல் முறை அட்டையைக் காட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அதே அட்டையுடன் வேறு பேருந்தில் ஏறினால் மறுபடி கட்டணம் இல்லை. ஒரே பெயரில் சாலையின் இருபுறமும் நிறுத்தங்கள் இருக்கும். எது உங்களுடையது என்பதைக் கம்பத்தின் உச்சியில் உள்ள எழுத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மாடியில் முன்வரிசையில் அமர்ந்து ஊரைப் பார்ப்பது பெரும் மகிழ்ச்சி. ஆனால் வண்டி ஓடும்போது படிகளில் ஏறி இறங்குவது முதியவர்களுக்கு ஆபத்தானது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்திலேயே உட்காருவது நல்லது.

இறங்கும் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தைக் கடந்ததும் மணியை அழுத்துங்கள். இரண்டு ஊர்களுக்கும் இது பொருந்தும். முதலில் எனக்கு அந்தப் பொத்தானைத் தொடவே கூச்சமாக இருந்தது; ஒரு பேருந்தை நானே நிறுத்தலாம் என்பது பழகாத உரிமை.

அங்கேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, அவர்களுக்கு நம் பேருந்துகள்தான் புதியவை. பத்து, இருபது ரூபாய் நோட்டுகளைக் கொடுத்து அனுப்புங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், நடத்துநர் தரும் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பேத்தியிடம் சொல்லுங்கள். தேடிப் பார்த்துவிட்டு மணி எங்கே என்று கேட்பார்கள். சீட்டு வாங்கும்போதே இறங்குமிடத்தைச் சொல்லி, "வந்ததும் சொல்லுங்கண்ணே" என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். விசில் அவர் ஊதுவார்.